ஒரு முழம் குறைவு

ஓசூரிலிருந்து மன்னார்குடிக்கு வந்திறங்கியது
பாய்போல் சுருட்டிய புல்.
சதுர அடி முப்பத்தெட்டு.
"புல்லுக்கா?" என்றார் பக்கத்துக் கொல்லை அருள்தாஸ்
அரிவாளை வேலிமேல் வைத்துவிட்டு.

பெரியவன் இழுக்க, சின்னவள் ஓரம் சேர்க்க,
தையல்நாயகி பலகையால் தட்டித் தட்டிப்
பின்னால் நகர்ந்தாள், நடவுக்காரிபோல.
கணக்கு என்னுடையது.
கிணற்றோரம் ஒரு முழம் வெறும் மண்.

பத்து நாள் மிதிக்கக் கூடாதாம்.
கொல்லைப் படியில் நால்வரும் தட்டோடு உட்கார்ந்து
சினிமா மாதிரி பார்த்தோம்.

ஆறாம் நாள்
அந்த ஒரு முழத்தில் கோரை.
காசு கேட்காமல்,
விலைக்கு வாங்கியதைவிட ஒரு விரல் உசரம்.

பிடுங்கக் குனிந்தேன்.
"இருக்கட்டும், அத மிதிக்கலாம்ல?" என்றாள்.
சின்னவள் ஏற்கெனவே அதன்மேல்
ஒற்றைக் காலில் நின்றிருந்தாள்.