இரண்டு பூட்டு

இஸ்ஃபாரா பள்ளத்தாக்கின் மதகுக்கு
இப்போது இரண்டு பூட்டு.
கிர்கிஸ் கரைச் சாவி சினாராவிடம்,
தாஜிக் கரைச் சாவி ஷோத்மோனிடம்.
ஒருவர் வந்தால் திறக்காது.
இதை முடிவு செய்ய ஒன்பது கூட்டம்,
நாலாவதில் நாற்காலி பறந்தது.

கல்லெறிந்த அன்று
அவள் தம்பிக்கு ஒரு கண் போயிற்று.
அவர் கொட்டகை எரிந்தது,
உள்ளே இரண்டு பசு.

பேச்செல்லாம் நிமிடக் கணக்கு:
"உங்களுக்கு நாற்பது."
"நேற்று ஐந்து குறைந்தது."
"சரி, நாற்பத்தைந்து."

இன்று அவர் பூட்டு மக்கர் பண்ணியது.
பையிலிருந்த தையல் மிஷின் எண்ணெயை
இரண்டு சொட்டு விட்டாள்,
மிச்சத்தைத் தன் பூட்டுக்கும்.

வாதுமை வயலுக்குத் தண்ணீர் எட்ட
எட்டு நிமிடம்.
நின்றார்கள்.

"தம்பி?" என்றார்.
"மற்ற கண் தெரிகிறது."