பதினேழாவது கம்பி

வோரு நகரத்துக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவில்
எலும்புக்கூடாய் நிற்கிறது வீடு.
வெளியே மைனஸ் பதினாறு. உள்ளே டீசல் ஹீட்டரின் இரைச்சல்.
மரச்சட்டங்களுக்கு இடையே புகுந்து
படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு நேராக நடக்கலாம்,
இன்னும் ஒன்பது நாளைக்கு.

நான் கேட்கிற கேள்விகள் எல்லாம்
ஜோசியக்காரனிடம் கேட்க வேண்டியவை.
பத்து வருடம் கழித்து எங்கே உட்காருவீர்கள்?
கட்டிலுக்குத் தலைமாடு எந்தப் பக்கம்?
டிவி இதே சுவரில்தானா, மனசு மாறுமா?

"இப்போது எல்லாம் காற்றில்தானே வருகிறது" என்றான் ரைவோ.
மரலாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு இரவு காட்டில்.
லீலோ ஒன்றும் சொல்லவில்லை.
தார்ட்டு மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்களை
வீட்டிலிருந்தே விடிய விடியப் படிக்கிறவள்.
காற்றை நம்பி ஒரு நுரையீரலைப் பார்க்க முடியாது.
மாடி வரைபடத்தில் 'சாமான் அறை' என்றிருந்த இடத்தை
நகத்தால் தட்டினாள்.
"இங்கே ஒன்று."
"சாமானுக்கு எதற்கு?"
"அந்த அறைக்குக் கதவு இருக்கிறது."

மகன் உக்கு தன் அறைக்கு மூன்று கேட்டான்.
பள்ளி முடிய இன்னும் மூன்று வருடம்.
வருடத்துக்கு ஒன்று என்று கணக்கு வந்தது,
வாயை மூடிக்கொண்டேன்.

நீல உறைக்குள் எட்டு இழை, நாலு ஜோடி.
ஒவ்வொரு ஜோடியும் தனக்கென ஓர் இறுக்கத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும்.
எல்லாம் ஒரே முறுக்கென்றால்
பக்கத்து ஜோடியின் பேச்சு இதில் கேட்கும்.
மின்கம்பியோடு கூடவே ஓட விடக்கூடாது,
கடந்துதான் தீரவேண்டுமென்றால் குறுக்கே, சட்டென்று.
என் கல்யாணத்துக்கு முன்னால்
இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

படிக்கட்டின் கீழே உள்ள அலமாரிக்கு இருபத்திமூன்று கம்பிகள் இறங்கின.
கூடவே கீழிருந்து மாடிக்கு ஒரு வெறுங்குழாய்,
உள்ளே நூல் மட்டும்.
"இது எதற்கு?" ரைவோ.
"எனக்குத் தெரியாததற்கு."

பதினேழு, சாமான் அறைக்கு.
எந்தச் சுவர் என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.
வளையமாகச் சுருட்டி எங்கோ ஓர் ஆணியில் மாட்டினேன்.
புதன்கிழமை சுவர் சுவராக டேப்பை விரித்துப்
படம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
ஜிப்சம் பலகைக்காரர்கள் செவ்வாயே வந்துவிட்டார்கள்.

அலமாரியில் பதினேழின் இந்த நுனி, என் கையெழுத்தோடு.
அந்த நுனி வெள்ளைக்குப் பின்னால்.
நாலு சுவர், நாலும் வழவழப்பு.
வெறுங்கையால் முழம் போட்டுக்கொண்டு நின்றேன்.

அலமாரியில் கருவியை மாட்டிக் கம்பிக்குள் ஓசையை அனுப்பினேன்.
தேடுகோல் உக்குவின் கையில்.
ஹீட்டரை நிறுத்தினோம்.
ரைவோ இறங்கிப் போய் லாரியை அணைத்துவிட்டு வந்தான்.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்,
நாங்கள் அதன் வாய்க்காகக் காத்திருந்தோம்,
மூச்சு புகையப் புகைய, நாலு பேர்.

முதலில் கரகரப்பு. கிழக்கில் ஒன்றுமில்லை.
பிறகு வடக்குச் சுவரில், முழங்கால் உயரத்தில்,
கொதிக்கிற கெட்டில் மாதிரி கூவியது.
"அம்மா, நீ இங்கேதான்."

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மரங்கள் தெரியாது.
லீலோ முகத்தைச் சுளித்தாள்.
அப்புறம், "வெளிச்சம் திரையில் விழாது, பரவாயில்லை" என்றாள்.

ரைவோ காதிலிருந்த பென்சிலை எடுத்து வட்டம் போட்டான்.
யாரும் கேட்காமலே பக்கத்தில் எழுதினான்: லீலோ.
வரைபடத்தில் இன்னும் சாமான் என்றுதான் இருக்கிறது.

வட்டத்தை மட்டும் அறுத்தேன்.
சாம்பல் தூள் உதிர்ந்தது,
பெயரில் படாமல் ரம்பத்தைத் திருப்பினேன்.
எப்படியும் அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள்.