ஒன்பது குழி

லாரியில் வந்தது என் வீடு,
இரண்டு துண்டாய்.
ஒரு பாதியில் சமையலறை, மறு பாதியில் படுக்கை.
அத்திப்பட்டு கேட்டில் ரயிலுக்காக நின்றபோது
என் குளியலறை சன்னலுக்கு நேராக
ஒருவர் பைக்கில் உட்கார்ந்து மசால் வடை தின்றார்.

பெரம்பூர் கோச் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம்
வெல்டிங் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.
விரல் மடக்கிச் சுவரைத் தட்டினேன்.
மேற்கு மூலையில் சத்தம் சரியில்லை.
சொன்னேன்.
"மேடம், இது வீடு, ட்ரெய்ன் இல்ல" என்றான்
போல்ட் முடுக்க வந்த பையன்.
ராத்திரி கும்மிடிப்பூண்டி லோக்கல் போகையில்
அலமாரித் தட்டுகள் கிலுகிலுக்கும்.
அந்நேரத்துக்கு அவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம் போலிருக்கும்.

விளம்பரத்தில் பதினெட்டு குழி.
வந்து பார்த்தால் ஒன்பது.
மீதி ஒன்பதும் கோர்ட்டில் இருக்கிறதாம்,
உப்பளம் யாருடையது என்கிற வழக்கில்.
நாற்பத்தாறு வீட்டில் கோல்ஃப் தெரிந்தவர் ஒருத்தர்தான்,
துறைமுகத்தில் பைலட்டாக இருந்த டிக்ரூஸ்.
குடிவந்த மூன்றாம் மாதம் அவரும் போய்விட்டார்.
மட்டைகளை ஐரின் பொதுவில் வைத்தாள்.
புளியந்தோப்பு எத்திராஜுலு இரண்டு நாள் சும்மா பார்த்தார்.
"இன்னாம்மா இது, கோலிதான்.
குனிய முடியாதவன் ஆட்ற கோலி."
அப்புறம் எல்லோருக்கும் ஆட வந்தது.

விடிகாலையில் புல் மேல் சாம்பல் படிந்திருக்கும்,
அனல்மின் நிலையத்துச் சாம்பல்,
கோலமாவு சலித்துப் போட்ட மாதிரி.
பந்து போன வழி கோடாக நிற்கும்.
பத்து மணி வரை யாரும் பொய் சொல்ல முடியாது.
பத்துக்கு மேல் கடல்காற்று.
பிறகு அவரவர் சொல்வதுதான் கணக்கு.

போன கார்த்திகையில் கொசஸ்தலை பொங்கி
ஏழாம் குழியில் ஜிலேபிக் கெண்டை.
வலையோடு வந்த குப்பத்துப் பையன்களை விரட்டப் போன செக்யூரிட்டி
அரைக் கிலோவோடு திரும்பினான்.

வீடு எங்களுடையது.
அடியில் இருக்கிற மண் கம்பெனியுடையது.
மண்ணுக்கு மாச வாடகை
ஏழாயிரம், பிறகு ஒன்பது,
இந்த ஏப்ரலிலிருந்து பதினொன்று.
"வித்துடும்மா" என்கிறான் மகன், புனேயிலிருந்து.
கூட்டத்தில் எத்திராஜுலு எழுந்தார்:
"செருப்பு என்னுது, நிக்கிற எடம் உன்னுது.
நான் எங்கதான்யா கால வெக்கிறது?"
மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார்.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
நாலாம் குழிக்குப் பக்கத்தில் பந்துகள் காணாமல் போயின.
வண்ணாரப்பேட்டை குணபூஷணம் அம்மாள்
பேரனுக்கு எடுத்துப் போகிறார் என்று ஒரு பேச்சு.
யார் ஆரம்பித்தது, தெரியாது.
நானும் தலையாட்டியிருக்கிறேன்.
அவர் ஆட வருவதை நிறுத்தினார்.
மாலையில் கதவையும் சாத்த ஆரம்பித்தார்.

ஆவடியில் தம்பி மனைக்கு
வீட்டையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள் ஐரின்.
கிரேன் வந்தது.
போல்ட் கழலும் ஒலி எனக்குப் பழகிய ஒலி.
தோய்த்த துணி கொடியில் கிடக்க
வீடு எழும்பியது, ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நேராகி.

கீழே ஒரு நீளச் சதுரம்.
சாம்பல் விழாத மண், செம்பழுப்பாக.
பெருச்சாளி ஒன்று வெளிச்சம் தாங்காமல் ஓடியது.
சரிவு முடிகிற மூலையில்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பந்துகள்.
எத்திராஜுலு கையை முட்டியில் ஊன்றி
முதல்முறையாகக் குனிந்தார்.
பதினொன்று.
ஒன்றில் மஞ்சள் பெயின்டில் என் கையெழுத்து,
கோச்சில் போடுவேனே, அதே கிறுக்கல்.

லாரி கேட்டைத் தாண்டியது.
முன் சீட்டில் ஐரின் கையசைத்தாளா,
கூந்தலை ஒதுக்கினாளா, தெரியவில்லை.

பந்துகளை முந்தானையில் கட்டிக்கொண்டு போனேன்.
தகரக் கதவு.
உள்ளே ஆள் இருக்கிற சத்தம்,
இல்லாத மாதிரி இருக்கிற சத்தம்.
விரல் மடக்கித் தட்டினேன்.
மறுபடியும்.