மல்லாந்த ஆடு

குதிரை விழவில்லை, நான்தான் விழுந்தேன்.
இதைத் திருத்திச் சொல்லிச் சொல்லியே
ஆறு வருடம் போய்விட்டது.
செப்டம்பர். மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாள்.
ஓடைக்கரையில் பாசிக்கல், ஒரு வழுக்கல்,
பிறகு ஹெலிகாப்டரின் உட்கூரை.

இடுப்புக்கு மேலே இரண்டு கம்பி, ஆறு திருகாணி.
ரேக்யவிக்கில் மருத்துவர் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார்.
இருட்டில் யாரோ மறந்துவிட்டுப் போன
ஏணி மாதிரி இருந்தது.
அழகாகக் கூடியிருக்கிறது என்றார்.
அழகாகத்தான் கூடியிருக்கிறது.

வலிக்கு எண் கேட்கிறார்கள்,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.
பாத்திரம் கழுவும் தொட்டி: ஆறு.
இடது காலுறை: எட்டு.
தும்மல் வருமுன் பிடிப்பதற்குச் சுவரைத் தேடும்
அந்த அரை நொடிக்கு
அவர்களிடம் எண் இல்லை.

ஸ்டெய்ன்தோர் பக்கத்து அறையில் படுக்கிறான்.
நிலநடுக்கத்துக்குப் பழகிய ஊர்தான் எங்களுடையது,
ஆனாலும் அவன் புரண்டால்
என் எலும்புக்குத் தாங்கவில்லை.
இரவில் சுவரை ஒருமுறை தட்டுவான், தூங்கிவிட்டாயா என்று.
நான் ஒருமுறை தட்டினால் தூங்கிவிட்டேன்,
இருமுறை தட்டினால் இல்லை.
தூங்கினவள் எப்படித் தட்டுவாள் என்று
ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது இருவருக்கும்.

சாயங்காலம் ஊர்க்குளத்தின் வெந்நீர்த் தொட்டி.
ஆவிக்கு நடுவே தலைகள் மட்டும் மிதக்கும்,
வைக்கோல் விலை, யாருடைய டிராக்டர், யாருடைய விவாகரத்து.
தேறிவிட்டாயா என்று கேட்பார்கள்.
ஆமாம் என்பேன். பொய்யில்லை.
கழுத்துவரை தண்ணீர் இருக்கும்போது
எனக்கு முதுகே கிடையாது.
வெளியேற ஏழு படி.
எல்லோரும் போன பிறகுதான் ஏறுவேன்.

போன மே மாதம் வீட்டுக்குப் பின்னே பள்ளத்தில்
ஒரு சினை ஆடு மல்லாந்து கிடந்தது,
நான்கு கால்களும் வானத்தைப் பார்த்து.
அப்படி விழுந்த ஆடு தானாக எழாது.
வயிறு உப்பி, மூச்சடைத்து,
சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.
வேலிக்கம்பத்தில் அண்டங்காக்கை ஒன்று
அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தது.
கண்ணிலிருந்துதான் தொடங்கும் அது.

முன்பென்றால் கம்பளியைப் பற்றி ஒரே இழுப்பு.
குனியாதே, இழுக்காதே, தூக்காதே, திருகாதே
என்று எழுதிய தாள்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.
போன் அதே அடுக்களையில், மேசைமேல்.

ஈரப் புல்லில் முதலில் முழங்கால்,
அப்புறம் கை, அப்புறம் விலா என்று
தவணை முறையில் படுத்தேன்.
அதன் விலாவில் என் இரு பாதங்களையும் பதித்து
உதைத்தேன்.
புரண்டது. எழுந்தது. தள்ளாடியது.
நெடுநேரம் மூத்திரம் பெய்தது.
திரும்பிப் பாராமல் மேயப் போய்விட்டது.

இப்போது மல்லாந்து கிடப்பது நான்.
காக்கை பறக்கவில்லை,
தலையை மட்டும்
என் பக்கம் திருப்பிக்கொண்டது.

சிரித்துவிட்டேன். சிரிப்பு: ஒன்பது.

நாற்பது நிமிடம் இருக்கும்.
மேகம் ஒன்று கிழக்கே போய்,
போன வழியே திரும்பி வந்தது.
சட்டைக்குள் ஈரம் ஏறி
கம்பிகள் குளிர்ந்ததைத் தனித்தனியாக உணர்ந்தேன்.
குன்வோர் தன் நாலுசக்கர வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.
ஐயோ என்னவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை.
ஐந்நூறு ஆடு வைத்திருப்பவள்.
எந்தப் பக்கமாய்ப் புரட்டணும், என்றாள்.

இடது பக்கம். மெதுவாக.

புரட்டிய ஆட்டை உடனே விட்டால் மறுபடி சாயும்,
கொஞ்ச நேரம் காலிடுக்கில் நிறுத்திவைக்க வேண்டும்.
என்னை அவள் அப்படித்தான் நிறுத்திவைத்தாள்,
ஒரு கையால் என் இடுப்புவாரைப் பிடித்து,
மறு கையால் காக்கைமேல் கல்லெறிந்து.
குறி தப்பியது.

அன்றைக்கு இரவு என்று பேர், வெளிச்சம் போகவில்லை.
சுவரில் தட்டு கேட்டது.
ஒன்பது, என்றேன் சத்தமாக.
என்ன ஒன்பது?
காக்கையைப் பற்றிச் சொன்னேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்தது
என் கட்டில்வரை அதிர்ந்தது.