பகல் மொய்

பரணில் இருக்கிறது பெட்டி,
பித்தளை அண்டாவுக்கும் உடைந்த மிக்ஸிக்கும் நடுவில்,
ஒரு பச்சைப் பொட்டை இமைத்துக்கொண்டு.
செக்கானூரணியைச் சுற்றி
எண்ணூற்றுப் பன்னிரண்டு குடும்பத்து மொய்
அதற்குள்தான்.
எந்தக் காதுகுத்தில் யார் எவ்வளவு,
தாய்மாமன் சீர் தனி,
"பேரு வேண்டாம், ஊரை மட்டும் எழுது" என்றவரின்
ஐம்பது ரூபாய் உட்பட.

காசிமாயன் மண்டபத்தில் உட்கார்ந்து தட்டுகிறார்.
நான் பரணுக்குக் கீழே.

பெட்டி தூங்கக் கூடாது.
இரவு பதினொன்றுக்கு வாலாந்தூரிலிருந்து ஒரு குரல்:
"விடிஞ்சா விசேஷம் தாயி,
அவன் எனக்கு என்ன செஞ்சான், பாரு."

அறுபது வாட்.
கேட்டால் ஒரு குண்டு பல்பு.
குண்டு பல்பையாவது அணைக்கலாம்.
நாளுக்கு ஒன்றரை யூனிட்,
இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு.
நானூற்று முப்பதில் அடங்கிக் கிடந்த வீடு
ஐந்நூற்று இருபதில் போய் நின்றது.
ஐந்நூறைத் தாண்டினால்
கட்டணத்துக்குச் சம்பந்தி முகம் வந்துவிடும்.
ஃபிரிட்ஜை ராத்திரியில் அணைத்துப் பார்த்தேன்.
காலையில் தயிர் திட்டியது.

சங்கிலியை உசிலம்பட்டியில் வைத்து
மாடியில் ஆறு தகடு ஏற்றினோம்.
மாட்ட வந்த திருப்பூர்ப் பையன்
நெட் மீட்டரை விளக்கினான்:
பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போகும்,
ராத்திரி லைனிலிருந்து வரும்,
ரெண்டையும் கழிச்சுக்குவாங்க.
முடிப்பதற்குள் கேட்டேன்:
"மொய்தானே தம்பி?"
விழித்தான்.

மொய்தான்.
நண்பகலில் பெட்டி தன் பங்கைத் தின்றது போக
எங்கள் மாடி
எதிர்த்த மாவு மில்லுக்கு எழுதிக்கொண்டிருக்கிறது.
மில்காரர் அழகுமலைக்கு அது தெரியாது.
நான் சீட்டும் கொடுப்பதில்லை.

வைகாசியில் ஒருநாள், உச்சி வெயிலில், கரண்ட் போனது.
தகட்டில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு.
பரணில் பச்சைப் பொட்டு அவிந்திருந்தது.
இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு
இருட்டில் உட்காரவா என்று
திருப்பூருக்குப் போன் போட்டேன்.
"லைன் செத்தா இதுவும் நின்னுடும்க்கா.
கம்பத்து மேல ஒரு ஆள் ஏறியிருப்பாருல்ல,
அவருக்காக."

கம்பத்து மேல் ஒரு ஆள்.
அவரை நான் நினைக்கவே இல்லை.
பந்தல் போடாத வீட்டில் மொய் எழுத முடியாது, சரி.
பழைய பேட்டரி ஒன்றைப் பெட்டிக்குத் துணையாகப்
பரணில் ஏற்றினோம்.
அதற்கு ஒரு செலவு.

ஆடிக் காற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.
புழுதி ஒரு விரல் தடிமன் உட்கார்ந்தால்
யூனிட் குறையும்.
நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரில்
இரண்டு வாளியை மாடிக்குத் தூக்குகிறேன்,
பாத்திரம் காத்திருக்க.

ஆவணியில் ஜோதிமுருகன் வந்தார்,
மீட்டரைப் பார்த்து இரண்டு எண்களை முணுமுணுத்தார்.
வந்தது நானூற்றுப் பத்து,
போனது முந்நூற்று எழுபது.
"நாப்பதுதான்க்கா நிக்குது."
அட்டையில் எழுதிவிட்டும் போகவில்லை.
"அப்படியே... கருமாத்தூர் மாயழகு
என் தங்கச்சி சடங்குக்கு என்ன செஞ்சாருன்னு..."
பார்த்தேன்.
ஐந்நூற்று ஒன்று, ஒரு குத்துவிளக்கு.
பேனாவைக் கடித்தபடி நின்றார்.
"கூட வைக்கணுமோ?"
"கூடத்தான் வைக்கணும்."

அன்று ராத்திரி,
எல்லோரும் தூங்கின பிறகு,
புதுக் கணக்கு ஒன்று திறந்தேன்.
பெயர்: சூரியன்.
ஊர் கேட்டது. மேல மாடி என்றேன்.
வைத்தது: முந்நூற்று எழுபது,
பெட்டி தின்றது சேராமல்.
நாம் திருப்பிச் செய்தது?
வெற்றிடம் விட்டால் அடுத்த பக்கம் போகாது,
காசிமாயனின் மச்சான் எழுதிய புரோகிராம் அப்படி.
சங்கிலியைச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
அது உசிலம்பட்டிக்காரனுக்குச் செய்தது.
யோசித்து,
'தகடு கழுவிய தண்ணீர், இரண்டு வாளி'
என்று தட்டினேன்.
ஏற்கவில்லை. எண் மட்டும் போடச் சொன்னது.

இரண்டு.