டன் சாப்பிடவில்லை

உப்பள வாசலில் லாரிகளை நிறுப்பவள் நான்.
வெற்று லாரி, பார லாரி,
கழித்தால் உப்பு.
அதனால்தான் ஒன்றே முக்கால் கிலோ முயலுக்கு
டன் என்று பேர் வைத்தேன்.
வாலிநோக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை,
தூத்துக்குடி டிரைவர் பெர்க்மான்ஸ் தவிர.
முயலைக் கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான்,
தார்ப்பாய்க்கு வாங்கிய கடனில் பாதி கழிந்தது.

செவ்வாய்க்கிழமை அது அருகம்புல்லை முகர்ந்துவிட்டுத்
திரும்பி உட்கார்ந்துகொண்டது.
புதன்கிழமை முருங்கைக்கீரையை இழுத்தது,
மெல்லவில்லை.
காம்பு வாயோரம் தொங்கிக்கொண்டிருந்தது,
பீடி பற்றவைக்க மறந்த ஆள் போல.

புழுக்கையை எண்ணினேன்.
மற்ற நாளில் எண்ணுவதில்லை, முறத்தில் அள்ளுவேன்.
பதினேழு.
மிளகளவுகூட இல்லை, கடுகுக்குப் பக்கம்.
இரண்டு மட்டும் ஒரு முடியில் கோத்து
அறுந்த பாசிமணியாய்க் கிடந்தன.

பக்கத்து வீட்டு ஹஸ்பர் மேல் சந்தேகம்.
ஏழு வயது, சட்டைப்பையில் எப்போதும் பிஸ்கட் தூள்.
"ஒண்ணே ஒண்ணுதான் கொடுத்தேன் லாத்தா"
என்று மூன்று விரல் காட்டினான்.

வெயில் மேல் சந்தேகம்.
கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு தொங்கவிட்டேன்.
மதியத்துக்குள் சாக்கு காய்ந்து
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஹபீப் கடைத் தராசில் வைத்தேன்.
ஒன்று எழுநூற்று நாற்பது.
மறுநாள் ஒன்று அறுநூற்று அறுபது.
கழித்தேன்.
வந்தது எது என்று தெரியவில்லை.

பனையோலைப் பெட்டியில் வைத்து
ராமநாதபுரம் பஸ் ஏறினேன்.
ஆடுகளின் வரிசையில் ஒரே முயல்.
டாக்டரம்மா டார்ச் அடித்துப் பல் பார்த்தார், பழுதில்லை.
வயிற்றை அமுக்கினார்,
பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கிறது என்றார்.
ஊசி. ஊட்டுவதற்கு ஒரு சிரிஞ்சு.
"முயல் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஓடி வரணும்மா.
பிஸ்கட்டை நிறுத்துங்க. காய்ஞ்ச புல்லுதான் அதுக்குச் சோறு.
தண்ணி வைக்கிறீங்களா?"
வைக்கிறேன் என்றேன்.
எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

நல்ல தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்.
வண்டி ஐந்து நாளைக்கு ஒரு தடவை.
பங்குனி வெயில் ஏறியதும் நான் பங்கு போட்டேன்:
உம்மாவுக்கு, எனக்கு, உலைக்கு.
டன்னின் கிண்ணத்துக்குக் கிணற்றுத் தண்ணீர்,
சோப்பு நுரைக்காத,
சாக்கில் வெள்ளை பூக்கிற அதே தண்ணீர்.
நாள் முழுக்கக் கிண்ணம் குறையாததைப் பார்த்து
சிக்கனமான பிள்ளை என்றுகூட நினைத்தேன்.
குடிக்காத வயிற்றில் புல் எப்படி இறங்கும்?
பதினெட்டு வருஷமாய் உப்பு நிறுப்பவள்,
ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

சிக்கல் தாண்டி பஸ் திரும்பும்போது
பெட்டி மடியில் லேசாக இருந்தது.

அன்றிரவு என் சொம்பிலிருந்து ஊற்றினேன்.
குடித்தது, குடித்தது,
காது இரண்டும் ஆட ஆடக் குடித்தது.
ஆனால் சாப்பிடவில்லை.
மறுநாளும் சிரிஞ்சுதான்,
பாதி அதன் வாயில், பாதி என் தாவணியில்.
உம்மா எதுவும் கேட்காமல்
தன் தம்ளரை அரை தம்ளராக்கிக்கொண்டாள்.

மூன்றாம் இரவு விழிப்பு வந்தது.
உப்பு மேட்டில் செருப்போடு
யாரோ நடப்பது போல் சத்தம்.
விளக்குப் போடவில்லை.
போட்டால் நிறுத்திவிடுமோ என்று
இருட்டிலேயே படுத்துக் கேட்டேன்,
காய்ந்த புல் ஒவ்வொன்றாய் உள்ளே போவதை.

காலையில் தராசு ஐந்து கிராம் கூடக் காட்டியது.
"அஞ்சு கிராமெல்லாம் கணக்கா?
இந்தத் தராசு அவ்வளவு சுத்தமில்லம்மா" என்றார் ஹபீப்.

நான் எழுதிக்கொண்டேன்.