நூற்றி முப்பது

ஓருரோவிலிருந்து ஆறு மணி நேரம்,
அதில் கடைசி ஒன்று பாலமில்லாத ஆற்றில்.
பள்ளிக்கூடத்தின் ஒரே அறை.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு உறை,
உறைக்குப் பத்து வெள்ளை மொச்சை.
ஒரு மொச்சை ஒரு பொலிவியானோ.

ஹென்ரிக் ஸ்பானிஷில் சொல்வதை
ஐமாராவில் சொல்ல எனக்குக் கூலி.
பெட்டியில் போடுவது இரட்டிப்பாகும்.
இரட்டித்ததைச் சமமாகப் பிரிப்போம்.
போடாதவருக்கும் அதே பங்கு.
யார் எத்தனை போட்டார் என்பது
யாருக்கும் தெரியாது.

கடைசி வரிக்குச் சிரித்தார்கள்.
திரைக்குப் பின்னால் போய்வருகிறவரின்
செருப்புச் சத்தத்திலேயே
கணக்கைச் சொல்லிவிடுகிற ஊர்.

செனோபியா சோக்கே கேட்டாள்:
இரட்டிப்பது யார்?
பல்கலைக்கழகம், என்றான்.
நல்லது. ஆலங்கட்டி விழுகிற வருஷம்
அவர்கள் எங்கே இருப்பார்கள்?

"நன்றி சொல்கிறாள்" என்றேன் நான்.

சந்தை இல்லாமல், மேலாள் இல்லாமல்
மனிதர்கள் ஒரு பானையை நிரப்புவார்களா?
நூலகங்களில் நெடுங்காலச் சண்டை.
ஹென்ரிக் சண்டைக்குப் போகாதவன்,
எண்ணிப் பார்த்துவிடலாமே என்பவன்.
அது எனக்குப் பிடித்திருந்தது.
இப்போதும் பிடிக்கும்.

எண்ணினோம். நூற்றி முப்பது.
திரும்ப எண்ணினோம்.
நாங்கள் கொடுத்ததே நூற்றி இருபது.
கணினியில் அந்தக் கட்டம் சிவந்து
வாங்க மாட்டேன் என்றது.

கொட்டிப் பார்த்தால்
நூற்றிப் பத்து வெள்ளை,
இருபது பழுப்பு.

நிகனோரின் லாமாக்கள் ஜூன் பனியில் விறைத்ததும்
அவன் உறை பிரிபடாமலே
சட்டைக்குள் போனதும் அறைக்கே தெரியும்.
பழுப்பு மொச்சை விளைவது யார் காட்டில் என்பதும்.

வாசலில் செனோபியாவைப் பிடித்தேன்.
பத்து நிகனோருக்கு, என்றாள்.
மற்ற பத்து?
அந்த நெட்டையனுக்கு.
மூன்று நாளாக இங்கேதான் சாப்பிடுகிறான்,
அவனுக்கு ஏன் உறை இல்லை?

இந்த முறை அப்படியே மொழிபெயர்த்தேன்,
நெட்டையன் உட்பட.

ஹென்ரிக் வெகுநேரம் பேனாவைத் திருகினான்.
பிறகு நூற்றிப் பத்து என்று எழுதி
கீழே சின்ன எழுத்தில்:
ஒருவருக்கு விதி புரியவில்லை.
யாருக்கு என்று எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

ராத்திரி விடுதி அடுப்பில்
கணக்கில் சேராத இருபதையும் போட்டோம்.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
தண்ணீர் சட்டென்று கொதித்துவிட்டது.
மொச்சை வேகவில்லை.
எதிரெதிரே உட்கார்ந்து
மூடியைத் திறந்து திறந்து பார்த்தோம்.